முப்பத்திரண்டு அங்குலத் திரையில் அப்பா

2009ஆம் வருடம் ஆடித் தள்ளுபடியில் எழிலரசி ஒரு டிவி வாங்கினாள். முப்பத்திரண்டு அங்குலம், எல்சிடி. ‘ஹெச்.டி.’ என்று அட்டைப்பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் அச்சடித்திருந்தது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தாள். வீட்டில் அவளும் அம்மா காசியம்மாளும் மட்டும்தான்.

டிவி வாங்கச் சின்னக்கடைத் தெருவில் இருந்த கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கடைக்காரர் ஒரு வீடியோ டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார். திரையில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. அதன் கழுத்தில் சின்னச் சின்ன இறகுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் எழுந்து அடங்கின. காசியம்மாள் கிட்டே போய் நின்று பார்த்தாள்.

“தொட்டுடலாம் போலக் கீதுடி,” என்றாள்.

“பழசைக் கொண்டாந்து குடுத்துடுங்கம்மா, கொஞ்சம் கழிச்சுக்கலாம்,” என்றார் கடைக்காரர். “ஆனா ஜாஸ்தி எதிர்பார்க்காதீங்க. ஊரெல்லாம் இலவச டிவி வந்துட்டதால பழைய பொட்டிய சீண்ட ஆளில்ல.”

“நீங்க சும்மா எடுத்துக்கினு போனாலும் சரிதாங்க,” என்றாள் காசியம்மாள். எழிலரசி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பழைய டிவி அப்பா சக்கரவர்த்தி வாங்கியது. கீழ்பென்னாத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் அவர் அலுவலக உதவியாளர். 1997ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமியன்று, கிரிவலம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினார். திரும்பி வரவில்லை. எழிலரசி அப்போது ஒன்பதாம் வகுப்பு. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். காசியம்மாள் திருப்பதி, பழனி, ராமேஸ்வரம் என்று கையில் ஒரு போட்டோவோடு அலைந்தாள். ஏழு வருடம் கழித்து, ஆளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாததால் இறந்ததாகக் கருதலாம் என்று கோர்ட்டு சொன்னது. அதற்குப் பிறகுதான் குடும்ப ஓய்வூதியம் வந்தது. எழிலரசிக்குக் கருணை அடிப்படையில் வேலையும் வந்தது; இருவரும் கீழ்பென்னாத்தூரை விட்டு இங்கே குடிவந்தார்கள். காசியம்மாள் தாலியைக் கழற்றினாள். உடம்பு இல்லாத சாவுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள்.

செத்த நாள் தெரியாததால், அவர் கிளம்பிப் போன சித்ரா பௌர்ணமியையே திதியாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு நூறு சாம்பார் சாதப் பொட்டலம் கட்டி, கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குக் கொடுப்பாள் காசியம்மாள். அதை மட்டும் அவள் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

புது டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் கடை ஆட்கள். கேபிள் ஒயரைச் செருகி ரிமோட்டை அழுத்தினார்கள். வந்த படத்தைப் பார்த்து அம்மாவுக்கும் மகளுக்கும் முகம் விழுந்துவிட்டது. முகங்களெல்லாம் இழுத்துவிட்டது போல அகலமாக இருந்தன. ஓரங்கள் கரைந்து, தண்ணீரில் நனைந்த போட்டோ மாதிரித் தெரிந்தது.

“பழசே தேவலாம் போலக் கீதே,” என்றாள் காசியம்மாள்.

கடைக்குப் போன் செய்தாள் எழிலரசி. “கேபிள்ல அவ்ளோதாம்மா வரும். ஹெச்.டி. படம் உள்ள வந்தாதானே ஹெச்.டி.யாத் தெரியும்?” என்றார் கடைக்காரர். இதை ஏன் வாங்கும்போது சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, அவர் நிதானமாக, “நீங்க கேக்கலியேம்மா,” என்றார்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் கைலாஷ் என்பவன் இருந்தான். கோயிலில் பூஜை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்கள் இருவரும் கோயில் வேலைக்குப் போக, இவன் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டான். அந்த வருடம் சித்திரையில் சென்னையிலிருந்து புதிதாக ஒரு ஹெச்.டி. காமிரா வாங்கி வந்திருந்தான். அதைச் சோதித்துப் பார்க்க, காசியம்மாள் பொட்டலம் கொடுக்கப் போனபோது கூடவே வந்து படம் பிடித்தான். மறுநாள் அதைப் பழைய டிவியில் போட்டும் காட்டினான். இவள் குனிந்து குனிந்து பொட்டலம் கொடுப்பது தெரிந்தது. எதிரே வரிசையாகக் காவித் துணிகள். “என் புடவைதான் நல்லாத் தெரியுது,” என்று சொல்லிச் சிரித்தாள் காசியம்மாள்.

இப்போது டிவியின் குறையைக் கேட்டதும் கைலாஷுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “காமிரா வாங்கி மூணு மாசமா அதோட நிஜமான படத்தை நானே பார்த்ததில்லை அம்மா. என்கிட்டயும் பழைய டிவிதான். ஞாயித்துக்கிழமை வரேன், இருங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காமிராவோடும் தட்டையான முனை கொண்ட ஒரு கறுப்பு ஒயரோடும் இறங்கி வந்தான். சென்னையில் ஒரு கடை முழுக்கத் தேடி வாங்கியதாம். ஒரு முனையைக் காமிராவிலும் மறு முனையை டிவியின் பின்னாலும் செருகினான். திரை ஒரு விநாடி நீலமாகி, பிறகு விரிந்தது.

கடையில் பார்த்த கிளியைவிடத் தெளிவாக இருந்தது. மலை தெரிந்தது. மலைமேல் ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. செங்கம் ரோட்டுப் புளியமரங்களில் இலைகளுக்கு நடுவே வெயில் விழுவது தெரிந்தது. காசியம்மாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“தோ பாரு, நான் வரேன்,” என்றாள்.

திரையில் அவள் பையோடு வந்தாள். பொட்டலத்தைச் சுற்றிய நூல்கூடத் தெரிந்தது. முதல் சாமியாருக்குக் கொடுத்தாள். இரண்டாமவருக்குக் கொடுத்தாள். கைலாஷ் காமிராவை நெருக்கிக்கொண்டு போயிருந்தான். மூன்றாவது ஆளின் கை நீண்டது. வலது கை. பொட்டலத்தை வாங்கிய அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

“நிறுத்து,” என்றாள் காசியம்மாள்.

கைலாஷ் நிறுத்தினான். படம் அப்படியே நின்றது. எழிலரசிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். அப்பாவுக்குச் சின்ன வயதில் வேர்க்கடலை உடைக்கும் மெஷினில் கை மாட்டி விரல் போனது. அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் எழிலரசி நடை பழகினாள் என்று அம்மாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

“கொஞ்சம் ஓட்டு தம்பி. மூஞ்சி வரட்டும்.”

கைலாஷ் மெதுவாக நகர்த்தினான். தாடி. நரைத்த முடி. நெற்றியில் விபூதி. அந்த முகம் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. பொட்டலம் கொடுத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது புருவத்தின் நடுவில் முடி இல்லாத ஒரு கோடு. கண்ணுக்குக் கீழே மச்சம். முப்பத்திரண்டு அங்குலத்தில், மயிர்க்கால் வரைக்கும் தெரிகிற தெளிவில், சக்கரவர்த்தி தன் பெண்டாட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதே சட்டத்துக்குள் காசியம்மாள், அவரைப் பார்க்காமல், அடுத்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

எழிலரசி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். கைலாஷ் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகமாகப் பார்த்தான்.

“யாரும்மா இது?” என்று கேட்டான்.

காசியம்மாள் திரும்பவில்லை. “எங்க வூட்டுக்காரு,” என்றாள். பிறகு கொத்தமல்லித் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அந்தக் காட்சியைப் பதினைந்து முறையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள். ஒருவேளை வேறு யாராவது இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எழிலரசி நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அது அப்பாவாகவே இருந்தது. சாயங்காலம் கைலாஷ் தயங்கித் தயங்கி ஒயரைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனான்.

“மூணு மாசம் முன்னாடி பார்த்தது. இப்ப எங்க கீறாரோ,” என்றாள் எழிலரசி.

காசியம்மாள் அடுப்படிக்குப் போனாள். சமைத்தாள். மகளுக்குப் போட்டாள். தானும் சாப்பிட்டாள். அழவில்லை. அதுதான் எழிலரசியைப் பயமுறுத்தியது.

அவளுடைய பயம் அது ஒன்று மட்டுமில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால், தன் வேலை? அவர் செத்தார் என்பதற்காகக் கொடுத்த வேலை அது. மறுநாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருடமாகப் போட்ட அதே கையெழுத்து. அன்றைக்கு அது பொய்யாகத் தோன்றியது.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அம்மா பூட்டிக்கொண்டு எங்கும் போகிறவள் இல்லை. எழிலரசி ஸ்கூட்டியைத் திருப்பி நேராகச் செங்கம் ரோட்டுக்கு விட்டாள்.

ரமணாசிரமத்தையும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளையும் தாண்டினால், கிரிவலப் பாதை பிரிவதற்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. அதன் கீழே நாலைந்து சாமியார்கள் இருப்பார்கள். அங்கேதான் படம் எடுத்தது. ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அம்மாவின் பச்சைப் புடவை தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார்.

எழிலரசி கிட்டே போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எழிலு,” என்றார்.

அந்தக் குரல் மாறவே இல்லை. மற்றதெல்லாம் மாறியிருந்தது. தோள் ஒடுங்கியிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. ஒரு துணிப்பை, ஒரு தூக்குவாளி, மடித்த கோணி. அவ்வளவுதான் அவருடைய வீடு.

“வந்து ஒரு மணி நேரம் ஆவுது,” என்றாள் காசியம்மாள் மகளிடம். “ஒரே கேள்விதான் கேட்டுக்கினு கீறேன். ஏன் போனேன்னு. பதில் வரல.”

“சொல்லுப்பா,” என்றாள் எழிலரசி. அப்பா என்று கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அந்த வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

சக்கரவர்த்தி கோணியின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“சண்டையில்ல. கடன் இல்ல. ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்குச் சுத்தி முடிச்சிட்டு இங்க வந்து கால் நீட்டி உக்காந்தேன். விடிஞ்சதும் மொத பஸ்ல போலாம்னு இருந்தேன். விடிஞ்சது. மத்தியானம் போலாம்னு நெனச்சேன். மறுநாளுன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆயிடுச்சு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்னு ஆயிடுச்சு.”

“இவ்ளோதானா?” என்று கேட்டாள் எழிலரசி.

“இவ்ளோதான்.”

அவள் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ காரணங்களை யோசித்து வைத்திருந்தாள். வேறு பெண், கடன், மூளைக் கோளாறு, லாரியில் அடிபட்டுப் பெயர் தெரியாத பிணம். இப்படி ஒரு காரணம் இல்லாத காரணத்தை அவள் யோசித்ததே இல்லை.

“நாங்க இந்த ஊருக்கு வந்துட்டது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். வருசா வருசம் உங்கம்மா வருவாளே. பொட்டலம் குடுப்பா.”

காசியம்மாள் தலையைத் தூக்கினாள். “எத்தினி வருசமா?”

“நாலஞ்சு வருசமா. நான் எங்கயும் ஒளியல காசி. உன் எதுருலதான் உக்காந்திருந்தேன். நீ என்னைப் பார்ப்பேன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் நெனச்சேன். நீ கையத்தான் பார்த்த. கை நீட்டினவங்களை எண்ணிக்கினு போயிட்ட.”

“அது என்னா சோறுன்னு தெரியுமா?” காசியம்மாளின் குரல் மிகச் சின்னதாக இருந்தது. “எதுக்கு நான் அந்தச் சோறு போட்டேன்னு தெரியுமா?”

அவர் தலையாட்டினார். “தெரியும். மொத வருசமே பக்கத்துல இருந்தவருகிட்ட சொன்ன. எங்க வூட்டுக்காருக்குத் திதின்னு.”

“தெரிஞ்சும் துன்ன.”

“பசி,” என்றார் சக்கரவர்த்தி.

காசியம்மாள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். எழிலரசி, அம்மா அவரை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அம்மா அடிக்கவில்லை. சாலையோரமாகப் போய்க் குனிந்து நின்று வாந்தி எடுத்தாள். எழிலரசி ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். புளியமரத்தடியில் இருந்த மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சக்கரவர்த்தி தூக்குவாளியில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, கொடுக்கத் தைரியம் இல்லாமல், பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு எழிலரசி கேட்டாள், “கூட்டிக்கினு வரலாமாம்மா?”

“இங்கயா? எந்த ஆளை? நான் காரியம் பண்ணி அனுப்பிச்ச ஆள் அவரு.”

“நான் ஆபீஸ்ல சொல்லணும்மா. என்னால கம்முனு இருக்க முடியல.”

வேண்டாம் என்று அம்மா சொல்வாள் என எழிலரசி எதிர்பார்த்தாள். சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் போல இருந்தது. காசியம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“எழுதிக் குடு,” என்றாள்.

எழிலரசி எழுதிக் கொடுத்தாள். என் தந்தை இறந்ததாகக் கருதப்பட்டு எனக்குப் பணி வழங்கப்பட்டது, அவர் உயிருடன் இருப்பது தற்போது எனக்குத் தெரியவந்துள்ளது என்று ஒரு பக்கம். அவளுடைய கண்காணிப்பாளர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இதை ஏம்மா எழுதின?” என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. “யாரு கேட்டாங்க உன்னை?”

கடிதம் மேலே போனது. விசாரணைக்கு ஆள் நியமிக்க இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்தில் டிவி ஒரு தொல்லையாக மாறியது. காசியம்மாள் அதில் நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டாள். செய்தி மட்டும் வைப்பாள். எங்காவது திருவிழா, பொதுக்கூட்டம், ரயில் நிலையம், வெள்ள நிவாரணம் என்று கும்பலைக் காட்டினால் எழுந்து போய்த் திரைக்கு அரை அடி தூரத்தில் நின்றுகொள்வாள். படம்தான் மங்கலாயிற்றே, ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கண் சிவந்து நீர் வடியும்.

“அம்மா, அவரைத்தான் கண்டுபிடிச்சாச்சே. இன்னும் யாரைத் தேடுற?” என்று ஒரு நாள் கேட்டாள் எழிலரசி.

“தெரியலடி. இதுல எத்தினி பேரு வூட்டு ஆளுங்க கீறாங்களோ. அவங்க அங்க ஊருல அழுதுக்கினு இருப்பாங்க இல்ல?”

எழிலரசி ரிமோட்டை எடுத்து அணைத்தாள். அம்மா இருட்டுத் திரையின் முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சொன்னாள், “இத எடுத்துக்கினு போயிடச் சொல்லு. என்னால முடியல.”

கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கைலாஷ் எடுத்துக்கொண்டான். அவனுக்கு ஸ்டுடியோவில் தேவையாக இருந்தது. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதால், பெட்ஷீட்டில் சுற்றி, அவனும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அன்றிரவு வீடு அமைதியாக இருந்தது. காசியம்மாள் பல நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

விசாரணைக்கு வந்தவர் பெயர் கோதண்டராமன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த, நிதானமான அதிகாரி. சாட்சியாக அந்தப் படத்தைக் கேட்டார். கைலாஷ் அதை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான். அலுவலகத்திலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு காவி உருவம் கை நீட்டுவது தெரிந்தது. முகம் ஒரு பழுப்புப் புள்ளி. விரல் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

“இதை வெச்சு நான் எதுவும் எழுத முடியாதும்மா,” என்றார் கோதண்டராமன். “அந்த ஆளையே நேர்ல பார்க்கணும்.”

வரச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். புளியமரத்துக்கு ஏது முகவரி? ஒரு ஐப்பசி மாதக் காலை, மழை விட்டிருந்த நேரத்தில், கோதண்டராமனே ஜீப்பில் போனார். அம்மாவையும் மகளையும் கூட அழைத்துக்கொண்டார். சக்கரவர்த்தி ஈரக் கோணியைக் கிளையில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

“உங்க பேரு சக்கரவர்த்தியா?” என்று கேட்டார் கோதண்டராமன்.

“இல்லீங்க.”

எழிலரசி அதிர்ந்துபோனாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியின் செருப்பைப் பார்த்தே பேசினார்.

“கீழ்பென்னாத்தூர்ல வேலை பார்த்தீங்களா?”

“அந்த ஊரே தெரியாதுங்க. நான் வடக்க இருந்து வந்தவன்.”

“இவங்களைத் தெரியுமா?”

“தெரியாதுங்க. இந்தம்மா வருசத்துக்கு ஒரு வாட்டி சோறு போடுவாங்க. நல்லவங்க. பொண்ணுக்கு ஏதோ வேலை விசயமாச் சிக்கல்னு பேசிக்கினாங்க. என்னால யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுங்க.”

எழிலரசிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வேலைக்காகத்தான் அவர் பொய் சொல்கிறார். பன்னிரண்டு வருடத்தில் அவர் மகளுக்காகச் செய்த முதல் காரியம் இது என்று நினைத்தாள். பேசாமல் இருந்தால் போதும். எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். அவள் கடிதத்தில் எழுதியது ஒரு தப்பான அடையாளம் என்று ஆகிவிடும்.

கோதண்டராமன் பேனாவை மூடிக்கொண்டு காசியம்மாள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இவர் உங்க வீட்டுக்காரர்தானா? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதப் போறேன்.”

அவர் ‘யோசிச்சு’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அவரும் ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

காசியம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இந்த முறை கையைப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள்.

“இவருதாங்க,” என்றாள்.

“காசி,” என்றார் சக்கரவர்த்தி. அந்த ஒரு வார்த்தையிலேயே அவருடைய பொய் முடிந்துபோனது.

“மொத வாட்டி இவரா முடிவு பண்ணாரு. எங்களை ஒரு வார்த்தை கேக்கல. இப்ப எங்களுக்கு நல்லது பண்றேன்னு மறுபடியும் இவராவே முடிவு பண்றாரு. நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் காசியம்மாள் அதிகாரியிடம். குரல் உயரவில்லை. “ஏழு வருசம் தேடினேங்க. ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரில பொணத்தைப் பொரட்டிப் பார்த்தேன். இந்த ஆளு உசுரோட கீறாரு. எழுதிக்குங்க. என் பொண்ணு வேலை போனா போவட்டும், அவ படிச்சவ. நான் இன்னொரு வாட்டி இவரைச் சாவடிக்க மாட்டேன்.”

கோதண்டராமன் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்ததும் காகிதத்தை நீட்டினார். சக்கரவர்த்தி வேட்டிக்குள்ளிருந்து கையை எடுத்து, மொட்டை விரலும் கட்டைவிரலுமாகப் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காசியம்மாள் அழவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும் எழிலரசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. முதலில் வந்தது சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம். 1997 முதல் முன் அனுமதியின்றிப் பணிக்கு வராதது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதைக் கொடுக்க எழிலரசியேதான் போனாள். அவர் இரண்டு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

“இன்னா எழுதறதும்மா?” என்று கேட்டார்.

“எங்ககிட்ட சொன்னதையே எழுதுங்க.”

எழுதினார். மூன்று வரிகூட வரவில்லை.

குடும்ப ஓய்வூதியம் உடனே நின்றது. எழிலரசியின் வேலை என்ன ஆகும் என்று பதினோரு மாதம் தெரியவில்லை. அவள் தினமும் போனாள், கையெழுத்துப் போட்டாள், சக ஊழியர்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்துவதைப் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் வந்த உத்தரவு அரைப் பக்கம். நீதிமன்ற ஆணையின் பேரில் நல்லெண்ணத்துடன் பெறப்பட்ட பணி, உண்மை தெரிந்ததும் ஊழியரே தெரிவித்துள்ளார், எனவே தொடரலாம். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கு முன்னாலேயே காசியம்மாள் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இட்லியும் காரமில்லாத குழம்பும். காலை ஆறரை மணி பஸ்ஸில் போவாள், மூன்று மணிக்குத் திரும்புவாள். விடுதியிலிருந்து அந்தப் புளியமரம் நடந்தால் பத்து நிமிடம்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் எழிலரசி அதைப் படித்துக் காட்டினாள். காசியம்மாள் முழுவதும் கேட்டாள்.

“அப்பாகிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டாள் எழிலரசி.

“சொல்லு. உன் அப்பா தானே.”

“நீ போய்ப் பார்க்கிறியாம்மா அவரை? வேலைக்குப் போற எடம் பக்கந்தானே?”

காசியம்மாள் மறுநாளைக்கு ஊறவைக்க அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள்.

“ரெண்டு வாட்டி அவரைப் பார்க்கலாம்னு விடுதி வாசக் கேட்டு வரைக்கும் போனேன்,” என்றாள். “வேலை நேரம் ஆயிடுச்சு, திரும்பிட்டேன்.”